ஜெராக்ஸைத் தந்த காப்புரிமை வக்கீல்

செமஸ்டர் வந்துவிட்டால் நம் எல்லார் கையிலும் சீனியர் நோட்டின் ஜெராக்ஸ்தான். அந்த ஜெராக்ஸைக் கண்டுபிடித்தவர் ஒரு காப்புரிமை வக்கீல் என்றால் நம்புவீங்களா? அவர்தான் செஸ்டர் கார்ல்சன்.

1906-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். அப்பா முடிதிருத்தும் தொழிலாளி. காசநோயும் மூட்டுவாதமும் அப்பாவை முடக்கிவிட, சின்ன வயசிலேயே கார்ல்சன் வேலைக்குப் போனார். 17 வயதில் அம்மாவையும் காசநோய்க்குப் பறிகொடுத்தார். ஆனாலும் படிப்பை விடவில்லை. வேலையும் வகுப்புமாக ஜூனியர் கல்லூரியை முடித்து, 1930-ல் கால்டெக்கில் இயற்பியல் பட்டம் வாங்கினார். கூடவே கடனும் இருந்தது! 82 கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டும் பலனில்லை. கடைசியில் பெல் ஆய்வுக்கூடம் வேலை தந்தது. அங்கே காப்புரிமைப் பிரிவுக்கு மாறினார். 1933-ல் அந்த வேலையும் போனது. அடுத்த வருஷம் மல்லோரி என்ற மின்சாதனக் கம்பெனியின் காப்புரிமைப் பிரிவில் சேர்ந்தார்.

அது என்ன வேலை? இன்ஜினியர் செய்த புதுப்பொருளைப் புரிந்துகொண்டு, அதில் எது புதுசு, எதுவரை அவருக்கு உரிமை என்று சட்ட பாஷையில் எழுத வேண்டும். விஞ்ஞானமும் சட்டமும் சேர்ந்து தெரிந்தால்தான் முடியும். அதனால் 1936-ல் இரவு நேரச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். புத்தகம் வாங்கக் காசில்லை. நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையாலேயே எழுதினார். ஆபீசிலோ வரைபடங்களுக்குப் பிரதி எப்போதும் பற்றாது. இதற்கு ஒரு மெஷின் வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

1938 அக்டோபர் 22. நியூயார்க்கின் அஸ்டோரியா. உதவிக்கு ஓட்டோ கோர்னை என்ற இன்ஜினியர். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றினார்கள். தேதியும் ஊர்ப்பெயரும் எழுதிய கண்ணாடியை மேலே வைத்து விளக்கொளி காட்டினார்கள். ஒளி பட்ட இடத்தில் மின்னூட்டம் இறங்கியது. எழுத்தின் நிழலில் மட்டும் நின்றது. பொடியைத் தூவி ஊதினால் எழுத்து மட்டும் தெரிந்தது! அதை மெழுகுத்தாளில் ஒற்றி எடுத்தார்கள். முதல் ஜெராக்ஸ் அதுதான்.

அடுத்து ஐந்து வருஷம் இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் படி ஏறினார். ஐ.பி.எம்., கோடாக் உள்பட யாரும் சீந்தவில்லை. இத்தனை பேரிடம் காட்டியும் கண்டுபிடிப்பு கைவிட்டுப் போகவில்லை. ஏன் தெரியுமா? 1937-லேயே காப்புரிமைக்கு மனுப் போட ஆரம்பித்துவிட்டார். 1940-ல் வக்கீலானார். 1942-ல் காப்புரிமை கிடைத்தது. 1944-ல் பட்டெல் ஆய்வு நிறுவனமும், 1947-ல் ஹாலாய்டு என்ற சிறிய கம்பெனியும் கைகொடுத்தன. 1959-ல் 914 என்ற மெஷின் வந்தது. ஹாலாய்டு பிற்பாடு ஜெராக்ஸ் ஆனது. நாம் சாதாரணமாகச் சொல்லும் ஜெராக்ஸ், சட்டப்படி அந்தக் கம்பெனியின் வணிகச் சின்னம்!

கோடீஸ்வரரான கார்ல்சன் பெரும் பணத்தைத் தர்மத்துக்கே கொடுத்துவிட்டு 1968-ல் மறைந்தார்.

எங்கள் வீட்டில் முதல்முதலாகப் படிக்க வந்தவன் நான். டிப்ளமோ முடித்தால் மெஷின் பக்கத்தில்தான் வேலை என்று நினைத்திருந்தேன். பொறியியல் படித்தவனுக்குச் சட்டத்திலும் இடம் உண்டு என்று இவர் வாழ்க்கை காட்டியது. நம் நாட்டில் காப்புரிமை ஏஜெண்ட் தேர்வு எழுத அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம் வேண்டும். நாம் நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்ந்தால் அந்தக் கதவும் திறக்கும். நண்பர்களே, உங்கள் புராஜெக்டில் புதுசாக ஒன்று செய்தால், ஊருக்குக் காட்டும் முன் முதலில் மனுவைப் போடுங்கள்!