பாடகிக்குப் பின்னால் அமர்ந்த மேதை: எகிப்தின் ஊத் கலைஞர் முகம்மது அல்-கசப்ஜி

ஜொகூர் கஸால் கச்சேரிகளிலும் ஸாப்பின் ஆட்டங்களிலும் கம்பூஸ் என்ற நரம்பிசைக் கருவியை நம்மில் பலர் பார்த்திருப்போம். அரபு நாட்டவரோடு, குறிப்பாக ஏமனின் ஹத்ரமௌத் பகுதி மக்களோடு, இந்த மண்ணுக்கு வந்த கருவி அது. அதன் மூத்த உறவுக்கு அரபு மொழியில் ஊத் என்று பெயர். மரக்கட்டை என்பதே அச்சொல்லின் பொருள். அகில் கட்டையையும் அரபியர் இதே சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். நம் ஊர்க் கடைகளில் ஊத் அத்தர் என்று விற்கப்படுவது அந்த அகிலின் வாசனை.

பாதியாக வெட்டிய பேரிக்காய் போன்ற உடல், குட்டைக் கழுத்து, பின்பக்கம் மடங்கிய தலை. வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள் இதில் கிடையாது. விரல் எங்கே அழுந்துகிறதோ அங்கே சுரம். அதனால் இரண்டு சுரங்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய ஒலிகளையும் வாசிக்க முடியும். அரபு இசையின் உயிர் அந்த ஒலிகளில் இருக்கிறது. நாம் ராகம் என்று சொல்வதற்கு ஏறக்குறைய ஒப்பானது அவர்களுடைய மகாம். ஒரு மகாமிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வதில்தான் ஊத் கலைஞரின் திறமை தெரியும்.

இந்தக் கருவியை எகிப்தில் இருபதாம் நூற்றாண்டில் ஆண்டவர்களுள் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர் முகம்மது அல்-கசப்ஜி. உம்மு குல்தூம் என்ற பெயரைக் கேட்டிருப்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. அவருக்குப் பின்னால், தடித்த கண்ணாடியோடு, ஊத்தை மார்போடு அணைத்தபடி அமர்ந்திருந்தவரின் பெயர் பலருக்குத் தெரியாது.

1892ஆம் ஆண்டு கெய்ரோவில் பிறந்தவர் அவர். கசப் என்றால் சரிகை இழை. சரிகைத் தொழில் செய்தவர்களுக்கு வழங்கிய பெயர் அது. ஆனால் வீட்டில் இருந்தது இசைதான். தந்தை அலி குர்ஆன் ஓதுபவர். ஊத் வாசிப்பவர், கற்றுக் கொடுப்பவர். மகன் சமயக் கல்வி கற்று, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, சிறிது காலம் பள்ளியில் பாடம் நடத்தினார். பிறகு அந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு இசைக்கு வந்தார். மாதச் சம்பளத்தின் அருமை தெரிந்த நம் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய முடிவு என்று விளக்க வேண்டியதில்லை.

ஊத் கற்பிப்பவராகவும் பாட்டுக்கு மெட்டமைப்பவராகவும் அவர் பெயர் விரைவில் பரவியது. அன்றைய மேடை ராணி முனீரா அல்-மஹ்திய்யாவின் இசை நாடகங்களுக்கு மெட்டமைத்தார். அவரிடம் ஊத் பயின்றவர்களுள் ஒருவர் முகம்மது அப்துல் வஹாப். இந்த மாணவரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1920களின் தொடக்கத்தில் நைல் டெல்டாவின் ஒரு கிராமத்திலிருந்து கெய்ரோவுக்கு வந்தார் உம்மு குல்தூம். பள்ளிவாசல் இமாமின் மகள். சிறு வயதில் ஆண் பிள்ளை உடையில் தந்தையோடும் அண்ணனோடும் ஊர் ஊராகச் சென்று பக்திப் பாடல்கள் பாடியவர். பக்கவாத்தியம் எதுவும் கிடையாது. குடும்பத்தார் குரல்தான் துணை. 1924இல் அவருக்காகக் கசப்ஜி ஒரு பாட்டுக்கு மெட்டமைத்தார். 1926இல் அந்தக் குடும்பக் குழு போய், தேர்ந்த கலைஞர்களைக் கொண்ட தக்த் வந்தது. தக்த் என்பது அரபு இசையின் சிறு வாத்தியக் குழு. கானூனுக்கு முகம்மது அல்-அக்காத், வயலினுக்கு சாமி அல்-ஷவ்வா, ஊத்துக்குக் கசப்ஜி. அன்று உட்கார்ந்த இடத்தில் அவர் நாற்பது ஆண்டுகள் இருந்தார்.

1928இல் வந்த இன் குந்து அசாமிஹ் என்ற பாடல்தான் திருப்புமுனை. வரிகள் கவிஞர் அகமது ராமி, இசை கசப்ஜி. பல்லவி திரும்பத் திரும்ப வரும் பழைய வழியை விட்டு, ஒரே மனத்தின் பேச்சாகத் தொடங்கி, மாறிக்கொண்டே போய் முடியும் வடிவம் அது. மோனோலோக் என்று அதற்குப் பெயர். இசைத்தட்டு பெருமளவில் விற்றது. கிராமத்துப் பாடகியாகப் பார்க்கப்பட்ட உம்மு குல்தூமை நகரத்து நவீனக் குரலாக நிறுத்தியதில் இந்தப் பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. பாடகிக்குக் குரல் அவருடையது. அது செல்ல வேண்டிய புதிய பாதையைப் போட்டுக் கொடுத்தவர் கசப்ஜி என்பது என் கணிப்பு.

மேற்கத்திய இசையையும் அவர் ஆர்வத்தோடு கேட்டார். அதை அப்படியே எடுத்து ஒட்டவில்லை. மகாமின் இலக்கணத்துக்குள் கரைத்தார். அதற்கு ஏற்ற இன்னொரு குரல் அவருக்குக் கிடைத்தது. சிரியாவிலிருந்து வந்த அஸ்மஹான். பறவைகளை நோக்கிப் பாடும் யா துயூர் என்ற பாட்டில், ஓப்பரா பாடகியரைப் போல அஸ்மஹானின் குரல் உச்சிக்குப் பறந்து போகும். கேட்காதவர்கள் யூடியூபில் ஒருமுறை தேடிக் கேளுங்கள். மொழி புரியாமலேயே புரியும்.

1942இல் வெளிவந்த ஆயிதா திரைப்படம் சறுக்கலின் தொடக்கம். உம்மு குல்தூம் நடித்த அந்தப் படத்தின் ஓப்பரா பாணிப் பகுதிக்குக் கசப்ஜியும் ரியாத் அல்-சும்பாத்தியும் பங்கிட்டு இசையமைத்தனர். மக்கள் ஏற்கவில்லை. போர்க்காலம், விலைவாசி உயர்வு. ரசிகர்கள் தங்கள் தெருவின் பேச்சையும் மண்ணின் தாளத்தையும் கேட்க விரும்பினார்கள். ஸக்கரிய்யா அகமதுவின் எளிய மெட்டுகள் அந்தப் பசிக்குத் தீனி போட்டன. மறுபக்கம், செவ்வியல் கவிதைகளுக்குச் சும்பாத்தி இசையமைத்தார். இருவருக்கும் நடுவில் கசப்ஜிக்கு இடம் சுருங்கியது. அதே காலத்தில் அவர் அமைத்த ரக் இல்-ஹபீப் இன்றும் உம்மு குல்தூமின் சிறந்த பாடல்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. அதற்குப் பிறகு உம்மு குல்தூமின் மேடையில் அவருடைய புதிய பெரிய பாட்டு எதுவும் ஒலிக்கவில்லை. அவர் கொண்டு வந்த மெட்டுகள் பாடகிக்குப் பிடிக்கவில்லை.

1944இல் அஸ்மஹான் கார் விபத்தில் கால்வாயில் மூழ்கி இறந்தார். ஒருவர் மறைந்தார், இன்னொருவர் மறுத்தார். தன் இசையைச் சுமந்த இரண்டு பெரிய குரல்களையும் கசப்ஜி சில ஆண்டுகளுக்குள் இழந்தார். அந்தப் பத்தாண்டிலேயே லைலா முராதுக்காக அவர் இசையமைத்த அனா அல்பி தலீலி பெரும் வெற்றி பெற்றது. ஆகவே அவரிடம் சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை.

இங்கேதான் அவர் வாழ்க்கையின் விளங்காத பகுதி. அவர் குழுவை விட்டு விலகவில்லை. ஊத்தோடு அதே நாற்காலியில் தொடர்ந்து அமர்ந்தார். மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவு வானொலியில் உம்மு குல்தூமின் கச்சேரி ஒலிபரப்பானால் அரபு நகரங்களின் தெருக்கள் வெறிச்சோடும். ஒரு பாட்டே ஒரு மணி நேரத்தைத் தாண்டும். அத்தனை இரவுகளிலும் மற்றவர்கள் அமைத்த மெட்டுகளைக் கசப்ஜி வாசித்தார். இப்படி இருபது ஆண்டுகளுக்கு மேல்.

1964இல் அப்துல் வஹாப் முதன்முறையாக உம்மு குல்தூமுக்கு இசையமைத்தார். அரபுலகம் முழுவதும் எதிர்பார்த்த கூட்டணி. இன்த உம்ரி என்ற அந்தப் பாட்டில் மின்சார கித்தார் ஒலித்தது. ஒரு காலத்தில் தன்னிடம் ஊத் பயின்ற மாணவரின் பாட்டு மேடையேறிய அந்த நாள்களிலும் எழுபதைத் தாண்டிய ஆசிரியர் பக்கவாத்தியக்காரராகவே இருந்தார்.

ஏன் இருந்தார்? பாடகி மீது சொல்லாத காதல் என்று பலர் கதை கட்டினார்கள். அந்தக் கதை சினிமாவுக்குப் பொருந்தும். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. மெட்டு ஏற்கப்படாவிட்டாலும் வாசிப்பு கையில் இருந்தது. அக்காலத்து அரபுலகில் அதைவிடச் சிறந்த வாத்தியக் குழு வேறெங்கும் இல்லை. தன் கைக்கு உரிய இடம் அது என்று ஒரு வாத்தியக்காரர் நினைத்திருக்கலாம். அவமானத்தை விழுங்கிக்கொண்டார் என்று நாம் வெளியிலிருந்து சொல்வது சுலபம்.

1966 மார்ச்சில், 73 வயதில், கசப்ஜி காலமானார். அவர் அமர்ந்த நாற்காலியில் வேறு எவரையும் உட்கார வைக்க உம்மு குல்தூம் சம்மதிக்கவில்லை, மேடையில் அது வெறுமையாகவே போடப்பட்டது என்று கெய்ரோ இசை வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படுகிறது. பாட்டை மறுத்தவர் இடத்தை மறுக்கவில்லை.

குரலே இல்லாமல், கருவிக்கென்றே கசப்ஜி அமைத்த இசை ஒன்றும் உண்டு. திக்ரயாத்தி, அதாவது என் நினைவுகள், என்பது அதன் பெயர். ஊத் கற்கும் மாணவர்கள் ஓரளவு கை பழகியதும் இன்றும் அதைத்தான் வாசித்துப் பார்க்கிறார்கள்.