பிறந்தநாள் கணக்கு

பிறந்தநாள் என்றதும் அணிச்சலும் மெழுகுவத்தியும் அன்பளிப்பும் நம் நினைவுக்கு வரும். ஆனால், தம் பிறந்தநாளன்று உணவைத் தவிர்த்து, இறைவனை வேண்டி, இராட்டையில் நூல் நூற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். தம் பிறந்தநாளைத் தம் பெயரால் அன்றி இராட்டையின் பெயரால் கொண்டாடுவதையே அவர் விரும்பினார். அவர்தாம் காந்தியடிகள். பிறந்தநாள் அவருக்குத் தம்மைத் தாமே எடைபோட்டுப் பார்க்கும் நாளாக இருந்தது.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், குஜராத்திலுள்ள போர்பந்தர் என்னும் கடற்கரை நகரில் பிறந்தார். தந்தையார் திவானாகப் பணியாற்றியவர். தாயார் புத்லிபாய் நோன்பிலும் வழிபாட்டிலும் ஆழ்ந்த பற்றுடையவர். சிறுவயதில் மோகன்தாஸிடம் தனிச்சிறப்பு எதுவும் தென்படவில்லை. அவர் இருட்டைக் கண்டு அஞ்சினார். பிறரோடு பேசக் கூச்சப்பட்டார். பள்ளி முடிந்ததும் யாரும் தம்மிடம் பேச்சுக் கொடுத்துவிடக்கூடாதே என்று வீட்டுக்கு ஓடிவிடுவார்.

ஏறத்தாழ 15 வயதில் அவர் ஒரு தவறு செய்தார். அண்ணன் ஒருவருக்கு 25 ரூபாய் கடன் இருந்தது. அதை அடைப்பதற்காக, அண்ணன் அணிந்திருந்த தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தார். கடன் தீர்ந்தது, ஆனால், மனச்சுமை ஏறியது. தந்தையாரிடம் நேரில் சொல்ல நா எழவில்லை. எனவே, நடந்ததை ஒரு தாளில் எழுதி, தமக்குத் தண்டனை தருமாறு கேட்டு, நோயுற்றுப் படுத்திருந்த அவரிடம் நீட்டினார். தந்தையார் எழுந்து உட்கார்ந்து படித்தார். அவர் கண்ணீர் தாளை நனைத்தது. ஒரு சொல்லும் கடிந்து பேசாமல், தாளைக் கிழித்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். அடியைவிட அந்தக் கண்ணீரே மகனை மாற்றியது. தவற்றை மறைப்பதால் வரும் அச்சமும், ஒப்புக்கொள்வதால் வரும் அமைதியும் எத்தகையவை என்பதை அவர் அன்று உணர்ந்தார்.

1888ஆம் ஆண்டு சட்டம் படிக்க இலண்டனுக்குச் சென்றார். அங்குள்ள கனவான்களைப்போல் தோன்ற வேண்டும் என்ற ஆசை அவரையும் பிடித்துக்கொண்டது. விலையுயர்ந்த உடைகளை வாங்கினார்; நடனம் கற்கச் சேர்ந்தார்; மூன்று பவுன் கொடுத்து வயலின் ஒன்றும் வாங்கினார். சுமார் மூன்று மாதங்களில் மயக்கம் தெளிந்தது. படிக்க வந்த தாம், அண்ணனின் பணத்தை வேடத்திற்குச் செலவிடுவது தகாது என்று எண்ணினார். நடன வகுப்பை நிறுத்தினார். வயலினையும் விற்க ஏற்பாடு செய்தார். சிறிய அறைக்குக் குடிபெயர்ந்து, வண்டிக் கட்டணத்தை மிச்சப்படுத்த நடந்தே சென்றார். செலவழித்த ஒவ்வொரு காசையும் எழுதிவைத்து, இரவில் கணக்குப் பார்த்த பின்னரே உறங்கினார். பணத்திற்குப் பழகிய இந்தக் கணக்கு, பின்னாளில் அவருடைய நடத்தைக்கும் உரியதாயிற்று.

வழக்கறிஞராகி நாடு திரும்பியவருக்கு, பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கிலேயே தோல்வி காத்திருந்தது. எழுந்து நின்றார், தலை சுற்றியது, ஒரு கேள்விகூடக் கேட்க முடியவில்லை. வழக்கை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டு வெட்கத்தோடு வெளியேறினார். 1893ஆம் ஆண்டு, ஒரு வழக்கின் பொருட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றார். அங்கு, முதல் வகுப்புப் பயணச்சீட்டு வைத்திருந்தும், நிறத்தைக் காரணம் காட்டி பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் இரயிலிலிருந்து தள்ளப்பட்டார். குளிரில் நடுங்கியபடி இரவு முழுவதும் சிந்தித்தார். ஊர் திரும்புவது எளிது. இருப்பினும், அநீதியை எதிர்த்து நிற்பதே கடமை என்று முடிவெடுத்தார். விரைவிலேயே பிரிட்டோரியாவில் இந்தியர்களைக் கூட்டி உரையாற்றினார். பம்பாயில் வாயடைத்து நின்ற அதே மனிதர், பிறர் துன்பத்திற்காகப் பேச வேண்டியபோது கூச்சத்தை வென்றுவிட்டார்.

1894ஆம் ஆண்டு பாலசுந்தரம் என்னும் தமிழர், டர்பனில் அவரைத் தேடி வந்தார். ஒப்பந்தக் கூலியான அவரை முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் குருதி வழிந்தது. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் ஏந்தியபடி அவர் நின்றதைக் கண்டு காந்தியின் மனம் நொந்தது. முதலில் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு, மருத்துவரிடம் சான்று பெற்று, நீதி கேட்டு, பாலசுந்தரம் வேறு முதலாளியிடம் வேலை செய்ய வழி செய்தார். இச்செய்தி பரவியதும், ஏழைத் தொழிலாளர்கள் காந்தியைத் தம்மவராகக் கருதினர். அவரும் அவர்களோடு பேசுவதற்காகத் தமிழ் கற்க முயன்றார். தம் முன்னேற்றம் மட்டுமே வளர்ச்சி ஆகாது என்பதை அவருக்குக் கற்பித்தவர்கள் இத்தொழிலாளர்களே.

புகழின் உச்சியிலும் அவர் தம் பிழையை ஒப்புக்கொள்ளத் தயங்கவில்லை. 1922ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் வலுப்பெற்றிருந்தது. அப்போது சௌரி சௌரா என்னும் ஊரில் கூட்டத்தினர் காவல் நிலையத்திற்குத் தீ வைத்ததில் காவலர் 22 பேர் மாண்டனர். காந்தியடிகள் இயக்கத்தையே நிறுத்தினார். உடன் இருந்த தலைவர்கள் பலர் வருந்தினர், சிலர் சினந்தனர். ஆயினும், மக்களை அறவழிக்கு ஆயத்தப்படுத்தாமல் போராட்டத்தில் இறக்கியதில் தமக்கும் பொறுப்புண்டு என்று ஏற்று, ஐந்து நாள் உண்ணாநோன்பு இருந்தார்.

1947ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவருக்கு 78 வயது நிறைந்தது. நாடு விடுதலை பெற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தலைவர்களும் மக்களும் தில்லி பிர்லா மாளிகைக்கு வாழ்த்த வந்தனர். ஆனால், பிரிவினையை ஒட்டி எழுந்த கலவரத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் சீக்கியர்களும் வீடிழந்து, உறவிழந்து தவித்துக்கொண்டிருந்தனர். எனவே, இந்நாளில் வாழ்த்தைவிட இரங்கலே தமக்குப் பொருந்தும் என்று கருதினார். 125 ஆண்டு வாழ விரும்பிய தமக்கு இப்போது அந்த ஆசையே இல்லை என்றும் வெளிப்படையாகக் கூறினார். அன்றும் நோன்பிருந்தார், நூல் நூற்றார்.

மனம் உடைந்தாலும் அவர் கடமையைக் கைவிடவில்லை. 1948ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள், ஒற்றுமைக்காக மீண்டும் உண்ணாநோன்பைத் தொடங்கினார். ஆறாம் நாள், பல சமயத் தலைவர்களும் அமைதி காப்பதாக உறுதியளித்த பின்னரே அதை முடித்தார். அம்மாதம் 30ஆம் நாள் வழிபாட்டுக்கு நடந்து செல்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று அவர் பிறந்தநாளை அனைத்துலக வன்முறையற்ற நாளாக ஐக்கிய நாடுகள் அமைப்பு கடைப்பிடிக்கிறது.

மாணவர்களே, வயது நாம் முயலாமலே கூடும். பண்பு அப்படிக் கூடுவதில்லை. காப்பிலிருந்து ஒரு துண்டைத் திருடிய சிறுவன் மகாத்மாவானது ஒரே நாளில் அன்று; ஒவ்வொரு முறையும் தவற்றை மறைக்காமல் ஏற்றுத் திருத்திக்கொண்டதால்தான். அடுத்த பிறந்தநாளில் அணிச்சலை வெட்டும் முன், கடந்த ஓராண்டில் யாரிடம் மன்னிப்புக் கேட்க மறந்தோம், யாருக்கு உதவத் தவறினோம் என்று ஒரு நொடி எண்ணிப் பார்ப்போம். அந்தக் கணக்கைத் தீர்ப்பதே நமக்கு நாமே வழங்கிக்கொள்ளும் சிறந்த அன்பளிப்பு.