நடக்க இயலாதவர் அமைத்த நடை

கொச்சியில் 1925ஆம் ஆண்டு பிறந்த மேரி வர்கீஸ், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானவர். மகளிர் நோய் மருத்துவத்தில் தேர்ச்சி பெறுவதே அவருடைய விருப்பம். 1954 சனவரி 30ஆம் நாள், உடன்பணியாற்றியோருடன் அவர் சென்ற வாகனம் விபத்துக்குள்ளாயிற்று. முகம் சிதைந்தது, தண்டுவடம் பழுதுற்றது, இடுப்புக்குக் கீழே உணர்வும் இயக்கமும் அற்றுப்போயின. அவர் முப்பது வயதைக்கூட எட்டியிருக்கவில்லை.

அக்காலத்தில் தண்டுவடக் காயமுற்றோர் பலரின் உயிரைப் பறித்தவை படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே. உணர்வற்ற உடல் ஒரே பக்கமாக நெடுநேரம் அழுந்தினால் அவ்விடத்தில் குருதியோட்டம் தடைப்பட்டுத் தசை அழுகத் தொடங்கும். வலி தெரியாததால் நோயாளி அதனை அறியார். ஆகவே சில மணி நேரத்திற்கு ஒருமுறை உடலைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அசையாத மூட்டுகளோ நாளடைவில் இறுகிவிடும். மருத்துவ நூல்களில் படித்த இவற்றையெல்லாம் மேரி இப்போது தம் உடலிலேயே கற்றார்.

நின்று செய்யும் மருத்துவம் இனி இயலாது. அந்நிலையில், தொழுநோயால் மடங்கிய விரல்களைச் சீரமைப்பதில் புகழ்பெற்றிருந்த பால் பிராண்டு, கை அறுவையை அமர்ந்தவாறே செய்யலாம் என்று வழிகாட்டினார். சக்கர நாற்காலியிலிருந்தபடியே மேரி அறுவை செய்யலானார். செயலிழந்த தசைக்கு மாற்றாக நல்ல தசையின் நாணை எடுத்து விரலில் இணைப்பது அம்முறை. ஆனால் இணைத்தவுடன் விரல் இயங்கிவிடாது. வேறு வேலைக்குப் பழகிய தசை புதிய வேலையைக் கற்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் பயிற்சி தேவை. கத்தியின் பணி சில மணி நேரம்தான். மீதமெல்லாம் பயிற்றுவோரின் பொறுமை.

அந்த மீதப் பணியே அவர் வாழ்வாயிற்று. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளப் பழகினார். பின்னர் நியூயார்க்கில், போரில் காயமுற்ற வீரர்களுக்கு மறுவாழ்வளித்த ஓவர்டு ரசுக்கு நிறுவிய நிலையத்தில் உடலியல் மருத்துவமும் மறுவாழ்வும் பயின்றார். வெப்பம், நீர், மின்தூண்டல், உடற்பயிற்சி, தாங்குகட்டை ஆகியவற்றால் உடலைக் கீறாமலே வலி தணித்து மூட்டை இயக்குவது அத்துறை. இன்று காந்தப்புலக் கருவிகளும் அதில் இடம்பெறுகின்றன. அவற்றின் பயன் இன்னும் ஆராயப்பட்டு வருகிறது.

அங்கேயே தங்கிவிடாமல் வேலூர் திரும்பிய மேரி, 1963இல் அத்துறையின் தலைமையை ஏற்றார். மூன்றாண்டுகளில், 1966இல், பாகாயத்தில் நோயாளிகள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. பனையிலிருந்து விழுந்தோ கிணற்றில் தவறியோ முதுகு முறிந்த ஓர் உழவருக்குப் புண் ஆறினால் மட்டும் போதாது. வீட்டுக்குள் நகரவும் ஏதேனும் தொழில் செய்யவும் தெரிந்தாக வேண்டும். இனி எல்லாம் முடிந்தது என்று கருதிப் படுத்திருந்தவரைக் காண வந்த மருத்துவரே சக்கர நாற்காலியில்தான் வந்தார். எந்த மருந்தும் தராத துணிவை அக்காட்சி தந்திருக்கும்.

1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986இல் அவர் மறைந்தார். விபத்துக்குப் பின் அவர் வாழ்ந்தவை முப்பத்திரண்டு ஆண்டுகள்.