விழித்திரையைக் காட்டிய வித்தகர்

ஐம்பொறிகளுள் கண்ணே தலைசிறந்தது என்பர். அக்கண்ணின் உட்புறத்தே மெல்லிய திரையொன்று அமைந்துள்ளது. அதுவே விழித்திரை. புறப்பொருள்களின் உருவம் அதன்மேல் விழுவதாலேயே நாம் காண்கின்றோம். அத்திரை பழுதுற்றால், கண் புறத்தே மாசின்றி விளங்கினும் பார்வை மறைந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அதனை நேரே கண்டு நோயறிய மருத்துவர்க்கு வழியில்லை. பார்வை இழந்து வந்தோர்க்குக் காரணம் கூறவும் அவர்களால் இயலவில்லை. அந்நிலையை மாற்றியவர், ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர்.

இவர் 1821ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள், பெர்லின் நகருக்கு அண்மையிலுள்ள பாட்ஸ்டாம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். இளைஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பௌதிகம் பயில விழைந்தார். குடும்பத்தின் செல்வநிலை அதற்கு இடந்தரவில்லை. படைமருத்துவராகப் பணியாற்றுவதாக உடன்பட்டோர்க்குப் பெர்லினில் மருத்துவக் கல்வி பொருட்செலவின்றி அளிக்கப்பட்டது. அதனை ஏற்று மருத்துவரானார். எனினும் பௌதிகத்தின்மீது கொண்ட காதல் குன்றவில்லை. 1847இல் ஆற்றல் அழியாமையைப் பற்றி அரியதோர் ஆராய்ச்சியுரை வெளியிட்டார். 1849இல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியராக அமர்ந்தார்.

இருளில் பூனையின் கண் ஒளிர்வதைக் கண்டிருப்பீர்கள். கண்ணுட் புகுந்த ஒளி திரும்பி வருவதே அதற்குக் காரணம். 1850இல் மாணவர்க்கு இதனை விளக்க முற்பட்டபோது, ஹெல்ம்ஹோல்ட்ஸின் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. திரும்பி வரும் ஒளி எவ்வழியே செல்கிறது? சென்ற வழியே மீண்டு விளக்கையே அடைகிறது. ஆகவே காண்போன் விளக்கின் இடத்தில் நிற்றல் வேண்டும். நின்றாலோ அவன் தலையே ஒளியை மறைத்துவிடும்! இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க, அவர் கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக நிறுத்தினார். பக்கத்திலிருந்த விளக்கின் ஒளி அவற்றிற்பட்டுக் கண்ணுட் சென்றது. மீண்ட ஒளியின் ஒரு பகுதி தகடுகளை ஊடுருவி அவரை அடைந்தது. மூக்குக்கண்ணாடி வில்லைகளும் அட்டையும் கொண்டே அக்கருவியைச் செய்தார். சில நாள் முயற்சிக்குப்பின் விழித்திரையும் அதன் குருதிக் குழாய்களும் தெளிவாகத் தோன்றின. ஆப்தல்மாஸ்கோப் எனப்படும் இக்கருவியின் விளக்கத்தை 1851இல் நூலாக வெளியிட்டார்.

எல்லோரும் அதனை உடனே வரவேற்றாரல்லர். நோயுற்ற கண்ணில் ஒளியைப் பாய்ச்சுதல் தீங்கு என்றார் ஒரு மருத்துவர். கண்பார்வை குறைந்த மருத்துவர்க்கே அது பயன்படும் என்றார் மற்றொருவர். ஆனால் ஆல்பிரெக்ட் வான் கிரேஃபே என்னும் இளம் மருத்துவர் அதன் பெருமையை உணர்ந்தார். விழித்திரைக்குக் குருதி கொணரும் குழாய் அடைபட்டால் பார்வை திடீரென மறைவதை அக்கருவியின் துணையால் 1859இல் விளக்கினார். பிற்காலத்தில் ஸ்விட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ஜூல் கோனென், கழன்ற விழித்திரையிலுள்ள கிழிசலைக் கண்டறிந்து, அதனைச் சூட்டினால் மூடிப் பலர்க்குப் பார்வை அளித்தார். காணவியலாத நோயைக் குணப்படுத்துவது எங்ஙனம்? கண்டபின்னரே மருத்துவம் பிறந்தது.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1894ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் மறைந்தார். அக்கருவியைச் செய்வதற்குத் தாம் பள்ளியிற் கற்ற ஒளியியலே போதுமானதாயிருந்தது என்று அவர் தம் தந்தையார்க்கு எழுதினார். அவ்வறிவு அந்நாளில் பலரிடமும் இருந்தது. அதனைக் கொண்டு வினவி, விடை காணும்வரை முயன்றவர் அவரே. கற்ற கல்வி எளியதாயினும், சிந்தனையும் முயற்சியும் சேருமாயின் உலகிற்கு ஒளி தரும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்றாகும்.