எழுபது புள்ளி தந்த மனிதர்

வில்லியம் ஹேர்பேர்ட் ஷெல்டன் 1898 இல் அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில் பிறந்தவர். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் உளவியலில் கலாநிதிப் பட்டமும் பின்னர் மருத்துவப் பட்டமும் பெற்றார். உலகம் அவரை உளவியலாளராகவே அறியும். என்னைப் போன்று பழைய நாணயக் குற்றி சேர்ப்பவர்களுக்கு அவர் வேறொரு ஆள். இன்று ஒரு குற்றி குறையே இல்லாதது என்று சான்று பெற்று, 70 புள்ளியோடு விற்பனைக்கு வருகிறதென்றால் அந்த 70 அவர் தந்தது.

எதையும் இலக்கத்தால் அளக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பருத்த உடல், தசைப்பிடிப்பான உடல், மெலிந்த உடல் என்று மனிதரைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளியிட்டார். உடலைப் பார்த்தே குணத்தைச் சொல்லிவிடலாம் என்று 1940களில் நூல்கள் எழுதினார். இதற்காகப் பெயர்பெற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மாணவ மாணவியர் ஆடையின்றிப் படமெடுக்கப்பட்டனர். நிமிர்ந்து நிற்கிறார்களா என்று பார்க்கும் வழமையான பரிசோதனை என நினைத்தே பலர் நின்றார்கள். அவரது கொள்கையை விஞ்ஞான உலகம் பிறகு கைவிட்டது. நிறுத்தி, படமெடுத்து, இலக்கமிட்டுப் பிரிப்பது எப்படியிருக்கும் என்று எமது வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

குற்றிகளுக்கு வருவோம். அமெரிக்கா 1793 இலிருந்து அடித்த பெரிய செப்புச் சதங்களில் ஷெல்டனுக்குத் தீராத மோகம். 1949 இல் அவற்றைப் பற்றி நூல் வெளியிட்டபோது 1 முதல் 70 வரையான அளவுகோலைக் கொடுத்தார். தேய்ந்து, இன்ன குற்றி என்று மட்டும் அடையாளம் காணக்கூடியதற்கு 1. அச்சிலிருந்து விழுந்தபடியே இருப்பதற்கு 70. ஏன் 100 அல்ல? அது விலைக் கணக்கு. மிகத் தேய்ந்த குற்றி ஒரு டொலர் என்றால், அதே வகையில் மிகச் சிறந்தது ஏறத்தாழ எழுபது டொலருக்குப் போகும் என்பது அவர் கண்ட சந்தை. சில வருடங்களிலேயே விலைகள் மாறிக் கணக்குப் பிழைத்துவிட்டது. இலக்கம் மட்டும் நிலைத்தது.

1977 இல் அவர் இறந்தார். அந்தக் காலத்திலேயே அமெரிக்க நாணயவியல் கழகம் அவரது அளவுகோலைச் செப்புச் சதத்தோடு நிறுத்தாமல் எல்லாக் குற்றிகளுக்கும் விரித்தது. 1986 இலும் 1987 இலும் தோன்றிய இரண்டு நிறுவனங்கள், குற்றியைப் பிளாஸ்டிக் பேழையில் அடைத்து, புள்ளியை மேலே அச்சிட்டுக் கொடுக்கும் தொழிலைப் பெரிதாக்கின. ஐந்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தும் குறை தெரியாவிட்டால் 70.

இந்த 70 மலிந்துவிட்டதா? மலிந்துவிட்டது என்பதே என் எண்ணம். இருநூறு வருடம் கைமாறிய செப்புச் சதத்துக்காகப் பிறந்த அளவுகோலை, நாணயச்சாலையிலிருந்து நேரே பெட்டியில் வரும் இன்றைய வெள்ளிக் குற்றிகளுக்கு வைக்கிறார்கள். சந்தைக்குள் ஒருநாளும் போகாத குற்றி 70 வாங்குவதில் என்ன அதிசயம்? நல்ல இயந்திரத்தின் வேலை அது. ஆயினும் 69க்கும் 70க்கும் இடையில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்துக்காக விலை பல மடங்கு ஏறுகிறது. மதிப்பிடும் கட்டணத்தைச் செலுத்துபவர் பெரும்பாலும் விற்க இருப்பவரே. எதிர்பார்த்த புள்ளி வராவிட்டால் பேழையை உடைத்து மீண்டும் அனுப்புகிறார்கள். சிலவேளை அதே குற்றி கூடுதல் புள்ளியோடு திரும்புகிறது. என்னிடம் 1870 ஆம் ஆண்டின் இலங்கைச் சதம் ஒன்று உண்டு. பனைமரம் பாதி அழிந்த செம்பு. 10 புள்ளிகூடத் தேறாது. அதற்கு எவரும் சான்று எழுதித்தர நான் விடமாட்டேன்.

ஷெல்டன் இறந்த பிறகுதான் மற்றக் கதை வெளிவந்தது. நியூயோர்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்துக்கு ஜோர்ஜ் கிளாப் என்ற சேகரிப்பாளர் 1946 இல் தமது அரிய சதங்களை அன்பளித்திருந்தார். ஆராய்ச்சிக்கென்று தட்டுகளைத் திறந்து பார்க்க ஷெல்டனுக்கு அனுமதி இருந்தது. நல்ல குற்றியை எடுத்துக்கொண்டு, அதே வகையில் தரம் குறைந்த தன் குற்றியை அந்தக் குழியில் வைத்துவிடுவார். எண்ணிக்கை குறையாது; தட்டில் வெற்றிடமும் இராது. எது 30, எது 60 என்று அவரைவிடத் துல்லியமாகப் பார்க்கக்கூடியவர்கள் அன்று அதிகம் இல்லை. அவரிடமிருந்து வாங்கிய ஒருவருக்கும் சங்கத்துக்கும் இடையிலான வழக்கு 1990களில் கலிபோர்னிய மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. சங்கம் வென்றது.

அவரது 70 இன்றும் பேழைகளின் மேல் அச்சிடப்படுகிறது.