இல்லங்களுக்குத் தெய்வ உருவங்களைக் கொண்டுசேர்த்த தூரிகை: ராஜா ரவி வர்மாவின் வாழ்வும் அவரை உருவாக்கிய தாக்கங்களும்

திருப்பதி: திருமலைக்கு வந்து திரும்பும் பக்தர்கள் பிரசாதத்துடன் சட்டமிட்ட சுவாமி படம் ஒன்றையும் வாங்கிச் செல்வது நெடுநாள் வழக்கம். திருப்பதி, சித்தூர் கடைவீதிகளில் ஏழுமலையான் படத்தின் அருகே தாமரை மலரில் நிற்கும் லட்சுமியும், வீணை ஏந்திய சரஸ்வதியும் வரிசையாக மாட்டப்பட்டிருக்கும். ஏழுமலையானின் உருவம் கருவறை மூலவரை அடியொற்றியது. ஆனால் புடவை உடுத்தி, நம் வீட்டுப் பெண்களின் சாயலில் நிற்கும் அந்தத் தேவியரின் தோற்றத்தைப் பரவலாக்கியதில் பெரும்பங்கு 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி மறைந்த ஓவியர் ராஜா ரவி வர்மாவையே சாரும்.

கரிக்கோடுகளில் தொடங்கிய வாழ்வு

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் கிளிமானூர் அரண்மனையில் 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் தேதி ரவி வர்மா பிறந்தார். தாய் உமையம்பா பாய் கவிதை இயற்றும் ஆற்றல் பெற்றவர். தந்தை நீலகண்டன் பட்டதிரி வடமொழிப் புலமை மிக்கவர். இதிகாசங்களும் புராணங்களும் அவருக்கு வீட்டிலேயே அறிமுகமாயின. அரண்மனைச் சுவர்களில் கரித்துண்டால் உருவங்கள் வரைந்த சிறுவனின் திறனைக் கண்ட தாய்மாமன் ராஜ ராஜ வர்மா, தாம் அறிந்த தஞ்சாவூர் பாணி ஓவியத்தின் அடிப்படைகளை அவனுக்குக் கற்பித்தார். பின்னர் ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் திருவனந்தபுரத்தில் தங்கிப் பயிலும் வாய்ப்பும் கிடைத்தது.

மறுக்கப்பட்ட பாடம்

ஐரோப்பாவிலிருந்து வந்த எண்ணெய் வண்ண ஓவிய முறை அந்நாளில் இந்தியாவில் வெகுசிலருக்கே கைவந்திருந்தது. திருவனந்தபுரம் அரண்மனை ஓவியராக இருந்த மதுரை ராமசாமி நாயக்கர் அந்த நுட்பத்தை இளைஞருக்குக் கற்றுத்தர முன்வரவில்லை. அவருடைய மாணவரான ஆறுமுகம் பிள்ளையே, ஆசிரியர் அறியாமல், ரவி வர்மாவுக்கு உதவினார் என்பது வரலாறு. 1868-இல் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் முறையாகக் கற்பிக்கவில்லை; தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே இசைந்தார். வண்ணம் கலக்கும் விதத்தையும் ஒளி நிழலைக் கையாளும் முறையையும் ரவி வர்மா கண்ணால் கற்றுக் கையால் பழகித் தேர்ந்தார்.

அதே காலத்தில் கிரேக்க நாட்டின் நிக்கோலாஸ் கீசிஸ் ஏதென்ஸிலும் ஜெர்மனியின் மியூனிக் நகரக் கலைக்கழகத்திலும் பயின்று, பின்னாளில் அங்கேயே பேராசிரியராகவும் உயர்ந்தார். ஐரோப்பியக் கல்விமுறை ஓவியத்தைத் தம் மண்ணின் மக்களையும் வாழ்வையும் தீட்டப் பயன்படுத்தியதில் இருவருக்கும் ஒற்றுமை உண்டு. ஆனால், ரவி வர்மா எந்தக் கலைக்கழகத்திலும் பயின்றவர் அல்லர்; கடல் கடந்து சென்றவரும் அல்லர்.

சென்னை தந்த அங்கீகாரம்

1870-இல் கொல்லூர் மூகாம்பிகையை வழிபட்டுத் திரும்பிய பின், ஓவியத்தையே தொழிலாக ஏற்றார். அரச குடும்பத்தில் பிறந்த ஒருவர் கூலி பெற்று வரைவது அந்நாளில் எளிதில் ஏற்கப்படாத செயல். 1873-இல் சென்னையில் நடைபெற்ற கண்காட்சியில், கூந்தலில் மலர் சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்துக்காக ஆளுநரின் தங்கப் பதக்கம் பெற்றார். அதே ஆண்டு வியன்னா கண்காட்சியிலும் அவ்வோவியம் பரிசு பெற்றது. துஷ்யந்தனுக்குத் தாமரை இலையில் மடல் எழுதும் சகுந்தலையை, சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு விலைக்கு வாங்கினார்.

1880-இல் ஆயில்யம் திருநாள் மறைந்ததும் திருவிதாங்கூரில் அவருக்கிருந்த ஆதரவு குன்றியது. ஆயினும் பரோடா, மைசூரு அரண்மனைகள் அவரை வரவேற்றன. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் 14 புராண ஓவியங்களைக் கேட்டபோது, தெய்வங்களுக்கும் காவிய மாந்தருக்கும் எந்த உடை பொருந்தும் என்ற கேள்வி எழுந்தது. விடை தேடித் தம்பி சி. ராஜ ராஜ வர்மாவுடன் 1888-இல் நாடெங்கும் பயணம் செய்தார். எந்த ஒரு வட்டாரத்துக்கும் மட்டும் உரியதாகத் தோன்றாத புடவைக் கோலத்தை அவர் தேர்ந்தது இந்தத் தேடலின் பயன். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய 10 ஓவியங்களும் பாராட்டுப் பெற்றன.

அச்சகமும் இழப்பும்

அரண்மனைகளில் தொங்கும் ஓவியங்களை எளிய மக்கள் காண வழியில்லை. அவற்றை வண்ண அச்சுப் படங்களாக வெளியிடலாம் என்ற யோசனையைத் திவானாக விளங்கிய சர் டி. மாதவ ராவ் முன்பே கூறியிருந்தார். 1894-இல் மும்பையில் ரவி வர்மா அச்சகம் தொடங்கப்பட்டது. கல்லச்சு முறையில் ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனிக் கல்லிலிருந்து அடுத்தடுத்துப் பதித்தே ஒரு படம் உருவாகும். சகுந்தலையின் பிறப்பு முதலில் வெளிவந்தது. லட்சுமி, சரஸ்வதி படங்கள் வீடுதோறும் சென்றன. பிறப்பின் பெயரால் ஆலயத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் இல்லங்களிலும் அவை இடம்பெற்றன.

எனினும் அந்த முயற்சி அவருக்குச் செல்வம் சேர்க்கவில்லை. மும்பையில் பிளேக் நோய் பரவியது, கடன் பெருகியது. லோனாவாலா அருகே மளவலிக்கு மாற்றப்பட்ட அச்சகம், இறுதியில் ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் வசம் விற்கப்பட்டது. படங்கள் தொடர்ந்து விற்பனையாயின. அவற்றைப் படைத்தவருக்கு அச்சகம் சொந்தமாக இல்லை. 1904-இல் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் கிடைத்தது. மறு ஆண்டே, வாழ்நாள் முழுதும் உடன் வரைந்த தம்பி மறைந்தார். நீரிழிவால் நலிவுற்ற ரவி வர்மா கிளிமானூரில் தமது 58-ஆம் வயதில் காலமானார்.

போற்றலும் தூற்றலும்

மகாகவி பாரதியார் அவரது மறைவுக்கு இரங்கல் கவிதை இயற்றினார். அதே காலத்தில், ஐரோப்பிய நாடக மேடையின் சாயலில் தெய்வங்களைத் தீட்டிவிட்டார் எனக் கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி முதலானோர் கடுமையாக விமர்சித்தனர். இந்திய மரபு பின்தள்ளப்படுகிறது என்பதே அவர்கள் கவலை.

அந்தக் கவலையை எடைபோடத் திருப்பதிக்கு அருகிலுள்ள ஸ்ரீகாளஹஸ்தி ஏற்ற இடம். முன்னர் சித்தூர் மாவட்டத்திலும் 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் உள்ள இவ்வூர், எழுதுகோலால் துணியில் இயற்கைச் சாயம் கொண்டு புராணக் கதைகளைத் தீட்டும் கலம்காரிக்குப் பெயர்பெற்றது. அங்கே தெய்வங்களுக்கு ஒளியும் நிழலும் இல்லை. அகன்ற விழிகளும் உறுதியான கோடுகளுமே உண்டு. ஒரு துணியை முடிக்கப் பல நாள் உழைப்பு வேண்டும். மலிவான அச்சுப் படங்கள் பெருகிய காலத்தில் இத்தகைய கைவினைகள் நலிவுற்றது உண்மை. அதே அச்சுப் படமே, துணி ஓவியத்தை வாங்க இயலாத குடும்பத்துக்கும் வழிபட ஓர் உருவத்தைத் தந்தது என்பதும் உண்மை.

ரவி வர்மாவின் வழியில் கோவில்பட்டி சி. கொண்டைய ராஜு போன்றோர் நாட்காட்டி ஓவியத்தை வளர்த்தனர். 1979-இல் ரவி வர்மாவின் ஓவியங்களை மத்திய அரசு தேசியக் கலைச் செல்வமாக அறிவித்ததால், மூல ஓவியங்களை நாட்டைவிட்டு வெளியே ஏற்றுமதி செய்ய இயலாது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் அவற்றுள் சில காக்கப்படுகின்றன. அந்த மூலங்களைக் கண்டவர்கள் குறைவு. அவற்றின் வழிவந்த தேவியரின் முன் நாள்தோறும் விளக்கேற்றுவோரில் பலருக்கு ஓவியரின் பெயர் தெரியாது. அந்த முகங்கள் மட்டும் நன்கு தெரியும்.