அம்மையை வென்ற ஜென்னர்

திருச்செந்தூருக்கு முருகனைக் கும்பிட வரும் முதியவர்களின் கையைப் பாருங்கள். பலருக்கு ஒரு தழும்பு இருக்கும். பெரியம்மை வராமல் இருக்க, சிறு வயதில் அம்மை குத்திய தழும்பு அது.

அம்மை குத்தும் முறையைத் தந்தவர், எட்வர்டு ஜென்னர்.

1749-ம் ஆண்டு, இங்கிலாந்தில் பெர்க்லி என்ற ஊரில் பிறந்தார். 5 வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். அண்ணன் வளர்த்தார்.

அப்போது அம்மைச் சீழையே உடம்பில் கீறி ஏற்றுவார்கள். லேசாக அம்மை கண்டு, பிறகு வராது என்பது நம்பிக்கை. சிலர் செத்துப்போவதும் உண்டு. சிறுவன் ஜென்னரையும் பட்டினி போட்டு, குதிரை லாயத்தில் அடைத்து, இப்படிச் செய்தார்கள். அந்த வேதனையை அவர் மறக்கவே இல்லை.

கொலைகாரக் கம்பளி

1763-ம் ஆண்டு. அமெரிக்காவில் பிட் கோட்டையைப் பழங்குடி மக்கள் முற்றுகையிட்டனர். பேச்சு நடத்த 2 பேர் வந்தனர். கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்கள் அவர்களுக்குப் பரிசு கொடுத்தனர். என்ன பரிசு? அம்மை நோயாளிகளின் 2 கம்பளிகள், ஒரு கைக்குட்டை!

நோயைப் பரப்பிக் கொல்ல வேண்டும் என்பதே திட்டம். தளபதி ஆம்ஹர்ஸ்டும் இதே யோசனையைக் கடிதத்தில் எழுதினார்.

அப்போது ஜென்னருக்கு வயது 14.

பால்காரப் பெண்

மாட்டம்மை வந்த பால்காரப் பெண்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்று கிராமத்தார் சொல்வார்கள். டாக்டரான ஜென்னர் அதைத் தள்ளிவிடவில்லை. பல ஆண்டுகள் ஆராய்ந்தார்.

1796-ம் ஆண்டு மே 14-ந்தேதி, சாரா நெல்ம்ஸ் என்ற பெண்ணின் கையில் இருந்த மாட்டம்மைப் பாலை எடுத்தார். தோட்டக்காரர் மகன் ஜேம்ஸ் பிப்ஸ் என்ற 8 வயதுச் சிறுவனுக்குக் குத்தினார். ஜூலையில் பெரியம்மைச் சீழையும் ஏற்றினார். சிறுவனுக்கு நோய் வரவில்லை!

அம்மை குத்தினால் மனிதன் மாடாகிவிடுவான் என்று சிலர் கேலி செய்தனர். ஜென்னர் கலங்கவில்லை. தம் தோட்டத்துக் குடிசையில் ஏழைகளுக்கு இலவசமாகக் குத்தினார். 1802-ல் அம்மைப்பால் பம்பாய் வந்து சேர்ந்தது. 1823-ல் ஜென்னர் மறைந்தார்.

இன்னும் இருக்கும் ஆபத்து

இந்தியாவில் 1975-ல் பெரியம்மை ஒழிந்தது. 1980-ல் உலகமே விடுபட்டது. ஆனால் கிருமி அடியோடு அழியவில்லை. அமெரிக்காவிலும் ரஷியாவிலும் 2 ஆய்வுக்கூடங்களில் பூட்டி வைத்திருக்கிறார்கள். சோவியத் ரஷியா அதை ரகசியமாகப் போர் ஆயுதமாகவும் தயாரித்தது.

இன்றைய இளைஞர்களுக்கு அம்மை குத்தவில்லை. கிருமி வெளியே வந்தால் அவர்களுக்குக் காப்பு இல்லை. அதனால்தான் பல நாடுகள் அம்மைத் தடுப்பு மருந்தைச் சேமித்து வைத்துள்ளன.

கம்பளியில் நோயைச் சுற்றிக் கொடுத்தவர்களும் படித்தவர்களே. ஏழைச் சிறுவனின் கையில் காப்பைக் குத்தியவரும் படித்தவரே. தாத்தா பாட்டியின் கையில் உள்ள தழும்பு, இரண்டாமவர் வென்றதற்கு அடையாளம்.